ஆத்திர அவசரத்துக்கு ஆகுமா பழைய மாத்திரை?

கொங்கு வீடுகளில் மருந்து இருக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஃபிரிட்ஜின் தலைமேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா, இல்லாவிட்டால் சமையலறை ஆணியில் தொங்கும் மஞ்சப்பை. கையை விட்டால் பாதி வெட்டிய பாராசிட்டமால் அட்டை வரும். போன மழைக்காலத்தில் குழந்தைக்கு வாங்கிய சளி மருந்து, யாருக்கோ பல் பிடுங்கியபோது எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் மிஞ்சிய நான்கு மாத்திரை, இறந்துபோன பெரியவரின் பிரஷர் மாத்திரை எல்லாம் அதன் பின்னால் வரும். எறிந்துவிடலாம் என்று மருமகள் எடுத்தால், "இருக்கட்டும் கண்ணு, ஆத்திர அவசரத்துக்கு ஆகும்" என்று மாமியார் வாங்கித் திரும்ப உள்ளே வைத்துவிடுவார்.

அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. வால்பாறை எஸ்டேட் லயத்தில் இருப்பவர் ஆழியாறு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். தாளவாடிக்காரர் சத்தியமங்கலம் வர திம்பத்தில் 27 வளைவுகள். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் சாலையும் மலை ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. ஊருக்கு ஒதுக்கமாகத் தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்கள், ராத்திரி பதினொரு மணிக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மெடிக்கலைத் தட்டுவது என்று யோசிப்பது இயல்பு. கையிருப்பு வேண்டும், சந்தேகமே இல்லை. தேதி முடிந்ததையும் அந்தக் கையிருப்பில் சேர்த்து எண்ணுவதில்தான் ஆபத்து.

காலாவதி ஆனதும் மாத்திரை விஷமாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1963-இல் கெட்டுப்போன டெட்ராசைக்ளின் சாப்பிட்ட சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாக அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. அன்றைய தயாரிப்பு முறை இப்போது வழக்கில் இல்லை. மற்றபடி, பெரும்பாலான மாத்திரைகள் தேதி தாண்டினால் வீரியம் குறைகின்றனவே தவிர, நஞ்சாக மாறுவதில்லை. அட்டையில் உள்ள தேதி, அதுவரைக்கும் மருந்துக்குத் தான் பொறுப்பு என்று கம்பெனி கொடுக்கும் வாக்கு. நம் நாட்டு மருந்து விதிகளின்படி மாதமும் ஆண்டும் மட்டும் அச்சாகியிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை அது செல்லும். அதன் பிறகு கடையில் விற்பது குற்றம்.

தேதிக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதை அமெரிக்க ராணுவம் 1986 முதல் சோதித்து வருகிறது. கோடிக்கணக்கில் வாங்கி அடுக்கிய மருந்தைத் தேதி முடிந்ததென்று கொட்டிவிட மனம் வராமல், அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் கொடுத்துப் பரிசோதிக்கச் சொன்னது. 2006-இல் வெளியான முடிவு வியப்பூட்டியது. 122 மருந்துகளின் 3,005 தொகுதிகளைப் பார்த்ததில் 88 சதவீதத் தொகுதிகளுக்குக் குறைந்தது ஓராண்டாவது ஆயுளை நீட்டிக்க முடிந்தது. சராசரி நீட்டிப்பு 66 மாதம். 2012-இல் வேறொரு குழு, தேதி முடிந்து 28 முதல் 40 ஆண்டுகள் ஆன, பிரிக்கப்படாத மருந்துகளைச் சோதித்தது. 14 வேதிப்பொருள்களில் 12, குறிப்பிட்ட அளவில் 90 சதவீதமாவது மிஞ்சியிருந்தன.

இந்த எண்களைப் படித்துவிட்டு பிஸ்கட் டப்பாவுக்கு நற்சான்று கொடுப்பவர்கள் உண்டு. அவர்கள் கவனிக்காதது, அந்த மருந்துகள் எங்கே, எப்படி இருந்தன என்பதை. ராணுவச் சரக்கு சீல் உடையாத பெட்டியில், சூடும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட கிடங்கில் இருந்தது. நம்முடைய அட்டைகளில் 30 டிகிரிக்குக் கீழே, சிலவற்றில் 25 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று பொடி எழுத்தில் இருக்கும். ஈரோட்டில் 2024 ஏப்ரலில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது. திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளிகள் குடியிருக்கும் தகரக் கூரை அறைக்குள் பகல் முழுக்க அந்தச் சூடு தேங்கி நிற்கும். அங்கே தொங்கும் மாத்திரைக்கு, தேதி முடியாவிட்டாலும்கூட யாரும் உத்தரவாதம் தர முடியாது.

2012 சோதனையில் தேறாதவற்றுள் ஒன்று ஆஸ்பிரின். ஈரம் பட்டால் உடைந்து போகும் மருந்து அது. டப்பாவைத் திறந்ததும் காடி வாசம் அடித்தால் ஆஸ்பிரின் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு உடனே கொடுக்கும் 14 மாத்திரைகளில் இரண்டு ஆஸ்பிரின்தான். நெஞ்சு வலிக்கும் நேரத்தில் உயிரைப் பிடித்து நிறுத்த வேண்டிய மருந்து சத்தில்லாமல் இருந்தால், விழுங்கியவருக்கு அது தெரியாது. போட்டாயிற்று, சரியாகிவிடும் என்று காத்திருப்பார். 108-ஐ அழைக்க வேண்டிய அரை மணி நேரம் அப்படியே போய்விடும்.

இன்சுலினும் அப்படித்தான். திறந்த பிறகு பெரும்பாலான வகைகள் 28 நாள்தான் தாங்கும், புட்டியில் தேதி எத்தனை தூரம் இருந்தாலும் சரி. கண் சொட்டு மருந்து திறந்தால் ஒரு மாதம். குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் பொடியில் தண்ணீர் கலந்துவிட்டால் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் மாத்திரையோ இன்னும் மோசம்: வீரியமும் குறைவு, அளவும் குறைவு, எந்த நோய்க்கு என்பதும் மறந்திருக்கும். கிருமிக்குப் பழக்கம் பிடிக்க இதைவிட வசதி வேண்டாம்.

மலைப்பாதை அடைபட்டு, காய்ச்சலில் ஒருவர் துவளும்போது, போன மாதம் தேதி முடிந்த பாராசிட்டமால் மட்டுமே கையில் இருந்தால், அதைப் போட்டுக்கொள்வதைப் பாவம் என்று சொல்ல முடியாது. ஆனால் அது கதியற்ற நேரத்துச் சமாளிப்பு. அதையே திட்டமாக வைத்துக்கொண்டு சேமிப்பது வேறு.

ஆயுளை நீட்டிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, இந்தியாவிலேயே அது நடந்தது. கோவிட் காலத்தில் கோவிஷீல்டு தடுப்பூசியின் ஆயுள் 6 மாதத்திலிருந்து 9 மாதமாகவும், கோவாக்சினுக்கு 9 மாதத்திலிருந்து 12 மாதமாகவும் 2021-இல் நீட்டிக்கப்பட்டது. கம்பெனிகள் கொடுத்த சோதனை விவரங்களைப் பார்த்து மத்திய மருந்துத் தர அமைப்பு அனுமதித்தது. பழைய ஊசியைப் போடுகிறார்கள் என்று அப்போது புரளி கிளம்பியது வருத்தம்தான். ஆய்வகம் செய்ய வேண்டியதைச் சமையலறையில் செய்ய முடியாது. அரசுக் கிடங்குகளில் தேங்கும் விலை உயர்ந்த மருந்துகளுக்கு, நம் வெயிலில் வைத்துப் பார்த்து, இப்படி ஒரு சோதனை ஏற்பாட்டை அரசு தொடங்கலாம், தொடங்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது எளியது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தினமும் மாத்திரை போடுபவர், மருத்துவரிடம் சொல்லி ஒரு மாதத்துக்குக் கூடுதலாக வைத்துக்கொண்டு, புதியது வந்ததும் பழையதை முதலில் தீர்க்க வேண்டும். மருந்துக் கிடங்குகளிலும் இதுதான் நடைமுறை. கடையில் நாலு மாத்திரை கேட்டால் கத்தரிக்கோல் தேதி இல்லாத பக்கமாகத்தான் போகும். தேதி அச்சான பாதி கடையிலேயே தங்கிவிடும். அந்த இடத்திலேயே தேதியைக் கேட்டு உறையின் மேல் பேனாவில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. டப்பாவை ஃபிரிட்ஜ் மேலிருந்து இறக்கி, வெயில் படாத உள் அறை அலமாரிக்கு மாற்ற வேண்டும்.

கோவைக்காரர்களின் கொடை மனசையும் இங்கே சொல்லியாக வேண்டும். எங்கே வெள்ளம் வந்தாலும் இங்கிருந்து லாரி கிளம்பும். அந்த லாரியில் வீட்டில் மிஞ்சிய மருந்து மட்டும் ஏறக் கூடாது. 1992 முதல் 1996 வரை போஸ்னியாவுக்கு வந்த நன்கொடை மருந்துகளில் 17,000 டன் பயன்படாதவை. அவற்றை அழிக்க 3.4 கோடி டாலர் ஆகும் என்று கணக்கிட்டார்கள். நன்கொடையாக வரும் மருந்துக்கு, போய்ச் சேரும்போது ஓராண்டாவது ஆயுள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் விதி வைத்தது இத்தகைய அனுபவங்களால்தான்.

அப்படியானால் டப்பாவைக் காலி செய்து எங்கே கொட்டுவது? பதில் இல்லாததால்தான் பாதிப் பேர் எறியாமல் வைத்திருக்கிறார்கள். குப்பையில் போட்டால் வெள்ளலூர் குப்பைக் கிடங்குக்குப் போகும்; சாக்கடையில் கொட்டினால் நொய்யல் ஆற்றுக்குப் போகும். வாளையாறு தாண்டிய கேரளம் இதற்கு வழி கண்டுவிட்டது. 2025 பிப்ரவரியில் கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி பஞ்சாயத்திலும் தேவைப்படாத மருந்துகளைத் திரும்பப் பெற்று, முறைப்படி எரிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு மே மாதம் மத்திய மருந்துத் தர அமைப்பும் வழிகாட்டுதல் வெளியிட்டது. டிரமடால், டயசெபாம் போன்ற 17 மருந்துகளை, வேறொருவர் கையில் சிக்காமல் இருக்க, கழிப்பறையில் ஊற்றிவிடலாம். மற்றவற்றுக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் மருந்து வணிகர் சங்கங்களும் சேர்ந்து திரும்பப் பெறும் ஏற்பாடு செய்யலாம் என்றது.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் பழைய மருந்தைத் திரும்பப் பெறும் பெட்டிகளை வைக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்கள் இருக்கின்றன, ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொடுக்கப் போகும் பெண்கள், திரும்பும்போது பழையதை வாங்கி வரலாம். அந்த வேலைக்கு அவர்களுக்குத் தனி ஊதியம் கொடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கண்டிப்பு தேவை. 2010 மார்ச்சில் சென்னை கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போன காலாவதி மருந்துகளைப் பொறுக்கி, புதுத் தேதி ஒட்டிக் கடைகளுக்கு விற்ற கும்பல் பிடிபட்டது. எனவே பெட்டிக்குப் பூட்டு வேண்டும், எடுத்த எடைக்கும் எரித்த எடைக்கும் கணக்கு வேண்டும், பெட்டிக்குள் போடும் முன்பே அட்டையை நறுக்கிவிட வேண்டும்.