சாம்பிள் லைப்ரரிக்கு எஸ்எஸ்டி வாங்கப் போறீங்களா? இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி பத்து மணிக்கு மேல கீபோர்டை எடுக்கிற ஆளுங்க நம்ம சேனல்ல நிறைய பேர் இருக்கீங்க போல. "கான்டாக்ட்ல பியானோ வாசிச்சா நோட்ஸ் விட்டுப் போகுது, 2,000 எம்பி ஸ்பீடு எஸ்எஸ்டியை இஎம்ஐல வாங்கலாமா?"ன்னு கேட்கறீங்க. எஸ்எஸ்டி வாங்குங்க. ஆனா அந்த எஸ்எஸ்டி வேண்டாம்.

கணக்கு போட்டுப் பாருங்க. 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ சாம்பிள் ஒண்ணு செகண்டுக்கு 0.26 எம்பிதான் கேட்கும். ஒரே நேரத்துல 200 குரல் ஓடினாலும் சுமார் 53 எம்பி. சாதாரண போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கே 100 எம்பிக்கு மேல கொடுக்கும். அப்புறம் ஏன் திணறுது? தேடுற நேரம்! 5,400 ஆர்பிஎம் தட்டு ஒரு சுத்து சுத்தவே 11 மில்லிசெகண்ட் ஆகும். ஒவ்வொரு நோட்டுக்கும் அது வேற வேற இடத்துக்கு ஓடணும். எஸ்எஸ்டியில சுத்துற தட்டே கிடையாது. அதனால 500 எம்பி ஸ்பீடு உள்ளதே இந்த வேலைக்குத் தாராளம். 2,000 எம்பி கிடைக்கணும்னா அதுக்குத் தனி போர்ட் வேணும், நிறைய லேப்டாப்ல அது இல்லவே இல்ல. (இன்னொண்ணு, பெட்டியோட வந்த கேபிளையே போடுங்க. நிறைய மொபைல் சார்ஜர் கேபிள் யூஎஸ்பி 2.0 வேகம்தான்.)

'நோ காஸ்ட்' இஎம்ஐயும் சும்மா வர்றதில்ல. பெரும்பாலும் பிராசசிங் ஃபீஸ் இருக்கும், வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டியும் உங்க தலையிலதான்.

சரி, நம்பகமான பிராண்ட் எது? இந்தக் கேள்வியே தப்புன்னு நான் சொல்வேன். 2023ல சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் வரிசையில சில மாடல்கள்ல டேட்டா திடீர்னு காணாமப் போச்சுன்னு புகார் வந்து, கம்பெனியே ஃபர்ம்வேர் அப்டேட் விட வேண்டியதாச்சு. அதுவும் நல்ல பேர் எடுத்த பிராண்ட்தான்.

என் கதையையும் சொல்லிடறேன். என் டிஸ்க் ஒரு நாள் டிக் டிக்னு சத்தம் போட்டு நின்னுடுச்சு. வாரன்டி இருந்தது, புது டிஸ்க் இலவசமா வந்தது, காலியா! லைப்ரரியை எல்லாம் மறுபடி டவுன்லோட் பண்ணிட்டேன். ஆனா எங்க ஆச்சி பாடினதை ஒரு டிராக்குக்காக ரெக்கார்ட் பண்ணி அதுல வெச்சிருந்தேன். ரெகவரி கடையில 14,000 ரூபாய் கேட்டாங்க. கொடுத்தேன். பாதிதான் வந்தது. ஆச்சி இப்ப இல்ல.

அதனால பட்ஜெட்டை ரெண்டாப் பிரிங்க. பெரும்பகுதிக்கு 1 டிபி சாதாரண எஸ்எஸ்டி, லைப்ரரி அதுல ஓடட்டும். மிச்சத்துக்கு ஒரு சாதா ஹார்ட் டிஸ்க், பேக்கப்புக்கு மட்டும். காசு கொடுத்து வாங்கின லைப்ரரியைக் கம்பெனி அக்கவுன்ட்ல இருந்து மறுபடி இறக்கிக்கலாம், அதுக்குக் காப்பி கட்டாயமில்ல (ஆனா 600 ஜிபியை தினம் 2 ஜிபி மொபைல் டேட்டாவுல இறக்க 300 நாள் ஆகும், யோசிச்சுக்கோங்க). நீங்க ரெக்கார்ட் பண்ணினதும், புராஜெக்ட் ஃபைலும் மட்டும் ரெண்டு இடத்துல இருக்கணும். சம்பளம் வர்ற அன்னைக்குக் காப்பி எடுக்கறதுன்னு வெச்சுக்கிட்டா மறக்காது, நான் அப்படித்தான் பண்றேன். எடுத்து முடிச்சதும் அந்த டிஸ்க்கைக் கழட்டி பீரோவுல வெச்சிடுங்க, லேப்டாப் பையிலேயே போட்டு வைக்காதீங்க.