வண்டின் முதுகைத் துடைக்காதீர்கள்

சென்ற மாதம் நம் நகைத்தொழில் நண்பர் ஒருவர் விக்டோரியா காலத்துப் புரூச் ஒன்றை என் மேசைமேல் வைத்தார். தங்கச் சட்டத்துக்குள் நிஜமான கூன்வண்டுகள் மூன்று. இரண்டு பச்சையாக மின்னின. மூன்றாவதன் முதுகு கரிக்கட்டைபோல் கறுத்திருந்தது. ஏதோ ஒரு பட்டறையில் அதைப் பாலிஷ் துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார்கள்.

அந்தப் பச்சை சாயமல்ல. ஓட்டின்மேல் ஒட்டியிருக்கும் நுண்செதில்கள் தம் உள்ளமைப்பால் ஒளியைத் திருப்பி அனுப்பும்போது தோன்றும் நிறம். லாம்ப்ரோசைபஸ் அகஸ்டஸ் என்ற தென்னமெரிக்கக் கூன்வண்டின் செதிலுக்குள், வைரத்தில் அணுக்கள் அடுக்கியிருக்கும் அதே ஒழுங்கு இருப்பதை 2008இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அடுக்கு வைரத்தினுடையது, உறுதி அப்படியல்ல. செதில் உதிர்ந்தால் மிஞ்சுவது கறுத்த ஓடுதான், அதற்கு மறுமெருகு கிடையாது. நம் பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் வளர்க்கும் பொன்வண்டுக்கு நிறம் ஓட்டின் அடுக்குகளிலேயே இருக்கிறது; அதனால் அதன் சிறகின் ஓடு மதராஸ் மஸ்லினில் தையல் வேலைக்கும் தாங்கியது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கை வைப்பதில்தான் சேதம் தொடங்குகிறது.

லண்டன் பிலிப்ஸ் சகோதரர்கள் 1884-85இல் கிரான்வில் சீமாட்டிக்காகச் செய்த வண்டு நகைத்தொகுப்பு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கூன்வண்டுகள் இன்றும் பச்சையாகவே மின்னுகின்றன. காலம் கெடுக்காததை நம் கை கெடுக்கலாமா?

கல் பதித்த ஈ, தேனீ, தட்டான் நகைகளிலும் இதே அவசரத்தைப் பார்க்கிறேன். சிறகு ஆடுகிறதென்று அடியில் பற்றவைத்து இறுக்கிவிடுகிறார்கள். அது தளர்ச்சியே அல்ல. அணிபவர் அசையும்போது சிறகும் நடுங்கவேண்டும் என்றே அன்றைய ஆசாரி அடியில் சுருள்கம்பி வைத்தார். உடல் ஓப்பலாக இருந்தால் ஊதுகுழலின் சூட்டில் விரிசல் விடும். பின்புறம் மூடி, அடியில் தகடு வைத்துக் கட்டிய கல் அல்ட்ராசோனிக் தொட்டிக்குள் போனால் நீர் உள்ளே இறங்கித் தகடு கறுத்துவிடும். சட்டத்தைவிட நீண்டிருக்கும் ஊசியும் பூட்டில்லாத வெறும் கொக்கியும் நகையின் வயதைச் சொல்லும் சாட்சிகள். அவற்றைக் கழற்றிப் புதுப்பூட்டு வைத்தால் சாட்சியும் போகும், மதிப்பும் குறையும்.

பூச்சி நகை கைக்கு வந்தால் முதலில் திருப்பிப் பாருங்கள், லூப் வைத்துப் பாருங்கள், முன்னும் பின்னும் படம் எடுத்துவையுங்கள். கூன்வண்டின் தூசிக்கு ரப்பர் ஊதி போதும். தண்ணீரும் துணியும் வேண்டாம். நீங்கள் செய்த வேலையை ரசீதில் எழுதிக் கொடுங்கள்.