பனியைக் கேட்டு நாள் குறியுங்கள்

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பகுதியிலுள்ள சந்திரதால் ஏரிக்கு அருகே கூடாரமிட்டுத் தங்க, உறவினர் பலராக ஜீப்பில் செல்ல எண்ணுகின்றீர்களா? பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்து நாள் குறிக்காதீர்கள். குன்சம் கணவாயின் நிலையைக் கேட்டறிந்து குறியுங்கள். 4,500 மீட்டருக்கும் மேல் உயர்ந்த அக்கணவாய், பெரும்பாலும் ஜூன் மாதத்தில்தான் திறக்கும். திறந்த பின்னரும் பனி உருகிய நீர் கரடுமுரடான பாதையை ஆங்காங்கே அறுத்துக்கொண்டு ஓடும். காலையில் கணுக்கால் நனைக்கும் ஓடை, வெயில் ஏறிய பிற்பகலில் வண்டியையே தடுத்து நிறுத்திவிடும். ஆதலால் விடியலிலேயே புறப்படுதல் நலம்.

ஜூலையில் பனி ஏது என்பீர்கள். 2023 ஜூலையில் பெய்த பனியால் ஏறத்தாழ 300 பயணிகள் அங்கே பல நாள் சிக்கினர். குன்சம் பாதையில் பனியை அகற்றிய பிறகே மீண்டனர். எனவே இரண்டு நாள் உணவையும் கம்பளியையும், விடுப்பையும்கூட, மிகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குத் தலைவலியும் வாந்தியும் கண்டால், மற்றவர் முகம் சுளித்தாலும், அனைவரும் உடனே கீழிறங்கிவிடுங்கள்.