இஸ்திரிப் பெட்டியில் கரண்டு வருமா?

மே மாதத்து மதியம் வியாசர்பாடியில் எந்த டீக்கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "இன்னா வெயிலு! மாடில நாலு சோலாரப் போட்டா மெட்ராஸுக்கே கரண்டு குடுக்கலாம்." மண்டை காய்ந்து நிற்கிறவர் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். அதையே ஒரு வகுப்பறைக் கரும்பலகையில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'சோலார் பேனல் என்பது சூரிய வெப்பத்தை மின்சாரமாக மாற்றும் கருவி.' கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. பிள்ளைகள் அதை நோட்டில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

தப்பு. மாடியில் மாட்டுகிற சோலார் பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகவே ஆகாது. கொளுத்தக் கொளுத்தக் கரண்டு கொட்டும் என்பது, படித்தவர் படிக்காதவர் வித்தியாசமில்லாமல் ஊரே நம்புகிற கட்டுக்கதை.

இது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பாதிப் பழி நம் பேச்சின் மேல் விழும். வெயில் என்ற ஒரே சொல்லுக்குள் வெளிச்சத்தையும் சூட்டையும் சேர்த்து முடிந்துவைத்திருக்கிறோம். கண் கூசுவதும் வெயிலால்தான், வடகம் காய்வதும் வெயிலால்தான். மீதிப் பழி இந்தப் பக்கத்து மண்ணுக்கு. வடசென்னைப் பிள்ளைக்குக் கரண்டு என்றால் புகைபோக்கி. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்படும்வரை நிலக்கரியை எரித்தது. அத்திப்பட்டு வடசென்னை அனல் மின் நிலையம் 1990களிலிருந்து எரித்துக்கொண்டிருக்கிறது; அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்த கதை தனி. வியாசர்பாடிக்குப் பக்கத்திலேயே பேசின் பிரிட்ஜில் 30 மெகாவாட் சுழலிகள் நாலு. எல்லா இடத்திலும் ஒரே சமையல்தான்: எரி, சூடேற்று, சுழலவிடு. இதையே பார்த்து வளர்ந்த கண், மொட்டை மாடிப் பேனலையும் ஒரு குட்டி அடுப்பாகத்தான் பார்க்கும்.

டீக்கடைக்காரருக்கு இந்தச் சாக்கு செல்லும். ஆசிரியருக்குச் செல்லாது. ஏனென்றால் அதே ஆசிரியர்தான் அடுத்த பீரியடில் ஒளிச்சேர்க்கை நடத்துகிறார். இலை வெளிச்சத்தை வாங்கி உணவு செய்கிறது என்று அழகாகச் சொல்கிறார். செடியை அடுப்பங்கரையில் வைத்தால் வேகமாக வளருமா என்று ஒரு பிள்ளை கேட்டால், "வதங்கிப் போயிடும்டா" என்கிறார். இலைக்குத் தெரிந்த நியாயம் பேனலுக்கு மட்டும் எப்படி மறந்துபோகிறது?

பேனலுக்குள் நடப்பது என்ன? ரயில் நிலையங்களில் கலர் விளக்கு சுற்றுகிற எடை மெஷின் இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய் நாணயம் போட்டால்தான் அட்டை விழும். எட்டணாவை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினாலும் அது அசையாது. சிலிக்கானும் அப்படித்தான். ஒளி சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொரு பொட்டலமும் தனியாளாக ஓர் எலக்ட்ரானைக் கட்டவிழ்க்கும் தெம்போடு வரவேண்டும். கண்ணுக்குத் தெரிகிற ஒளிக்கு அந்தத் தெம்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் உடம்பைச் சுடுகிறதே அடுப்பின் அனல், அது எட்டணா. எவ்வளவு கொட்டினாலும் எலக்ட்ரான் எழுந்திருக்காது. பொட்டலக் கணக்கை ஐன்ஸ்டைன் சொன்னது 1905இல். அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கான் சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டியது 1954இல்; விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கைத்தான் அது மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கிற நல்ல பேனல் இருபது பங்கை மாற்றுகிறது. மாறாத மிச்சத்தில் பெரும்பகுதி எங்கே போகிறது? பேனலையே சூடாக்குகிறது. நாம் கொண்டாடுகிற அந்தச் சூடு, கரண்டாக முடியாமல் வீணான வெளிச்சம்.

சந்தேகமிருந்தால் பேனலின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 400 வாட் என்று ஒட்டியிருக்கும். அந்த 400, செல் 25 டிகிரியில் இருக்கும்போது சோதனைக் கூடத்தில் எடுத்த கணக்கு. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும் என்று கம்பெனிக்காரரே விவரத்தாளில் போட்டிருப்பார். சென்னைக் கோடை நண்பகலில் செல்லின் சூடு 65 டிகிரியை எட்டுவது சர்வசாதாரணம். 40 டிகிரி கூடுதல், 0.4 என்று பெருக்கினால் 16 சதவீதம் காலி. 400 வாட் பேனல் 336இல் நிற்கும். அக்னி நட்சத்திரத்தைவிட, வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கிற பிப்ரவரி, மார்ச்தான் பேனலுக்குத் தோதான காலம். ஐப்பசி, கார்த்திகையில் உற்பத்தி படுப்பது குளிர்ச்சியால் என்று சொல்வதும் இதே தப்பின் மறுபக்கம். அங்கே குற்றவாளி மேகம். ஜெர்மனிக்காரருக்குக் கத்திரி வெயில் என்றால் என்னவென்றே தெரியாது. அங்கே 90 கிகாவாட்டுக்கு மேல் சோலார் ஓடுகிறது.

சூட்டிலிருந்து எதுவுமே எடுக்க முடியாதா என்று மடக்குவார்கள். தாராளமாக எடுக்கலாம். ஆரோவில் சோலார் கிச்சனின் கூரையில் 15 மீட்டர் விட்டத்துக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. வெயிலைக் குவித்துச் சமையலுக்கு நீராவி எடுக்கக் கட்டியது. ராஜஸ்தானில் கண்ணாடிகளை வரிசையாக நிறுத்தி, நீராவியால் சுழலியைச் சுற்றும் நிலையமே உண்டு. மாடியில் வெந்நீர் போடுகிற சோலார் ஹீட்டரும் சூட்டுக் குடும்பம்தான். பேனல் வேறு குடும்பம். இரண்டுக்கும் சோலார் என்று ஒரே பெயர் வைத்து ஒரே பந்தியில் உட்கார்த்தி வைத்ததால் வந்த வினை.

"ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு நுணுக்கம் எதுக்கு சார்?" என்று ஓர் ஆசிரியை கேட்டார். இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குத்தான் முதலில் வேண்டும் என்பேன். நாளைக்குக் கூரைமேல் ஏறிப் பேனல் மாட்டப்போகிறவன் அவன். சூடுதான் கரண்டு என்று நம்புகிறவன், ஷீட் கூரையோடு ஒட்டினாற்போலப் பேனலைப் படுக்கவைத்து முடுக்குவான். அடியில் காற்றோட்டம் இருக்காது. ஷீட்டின் சூடும் பேனலின் சூடும் ஒன்றையொன்று வறுக்கும். தெரிந்தவன் ஒரு சாண் தூக்கி, தெற்குப் பார்த்து, சென்னைக்குத் தக்கபடி 13 டிகிரி சாய்த்து மாட்டுவான். லாரிப் புழுதியும் கரித்தூளும் படிந்தால் வெளிச்சம் மறையும் என்று அவனுக்குப் புரியும். நண்பகலில் கொதிக்கிற கண்ணாடிமேல் பச்சைத் தண்ணீரை ஊற்றி விரிசல் விடவைக்காமல், விடியற்காலையில் துடைப்பான். (சொந்த மாடி எத்தனை பேருக்கு இருக்கிறது, ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பொது மாடி யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் வேறு சண்டை.)

ஆசிரியையை வாயால் வெல்ல முடியவில்லை. மொட்டை மாடிக்குப் போனோம். 36 செல் கொண்ட சின்னப் பேனல், ஒரு மல்டிமீட்டர். ஒரு மணி நேரம் காய்ந்த பேனல் 18.6 வோல்ட் காட்டியது. பேனலின் முதுகில் ஈரச்சாக்கைப் போர்த்தினோம். அதே வெளிச்சம், அதே இடம்; எண் மெல்ல ஏறி 19.9இல் நின்றது. "மீட்டர் ரிப்பேரா?" என்றார். சாக்கை எடுத்தோம், இறங்கியது. மறுபடி போட்டோம், ஏறியது.

அப்புறம் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவையும் ஜன்னலையும் அடைத்தோம். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கெஞ்சி வாங்கிய பெட்டி, உள்ளே தணல் கனகன என்று. மூடியை இறுக்கிப் பேனலுக்கு நேரே பிடித்தோம். தள்ளி நின்ற எங்களுக்கே முகம் சுட்டது. மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது. ஒரு பையன் டியூப்லைட்டைத் தட்டினான். எண் பத்து வோல்ட்டைத் தாண்டி எகிறியது. ஆசிரியை லைட்டை அணைத்தார், போட்டார், அணைத்தார். பேசவில்லை.

வாசலில் இஸ்திரிக்காரர் வந்து நின்றார். "இன்னா டீச்சர், பெட்டி ஆறிப்போச்சுன்னா மறுபடி கரி போடணும். யாரு குடுப்பா?"