இரண்டாவதாக வரும் வினைச்சொல்

'நேற்று நான் ஒரு புத்தகம் வாங்கினேன்' என்கிறோம். டச்சுக்காரர் இதையே 'நேற்று வாங்கினேன் நான் ஒரு புத்தகம்' என்ற வரிசையில் சொல்வார். வாக்கியம் எந்தச் சொல்லில் தொடங்கினாலும் வினை இரண்டாவதாக வந்துவிட வேண்டும். இந்தியும் உருதும் பஞ்சாபியும் தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கின்றன. அவற்றின் உறவுமொழியான காஷ்மீரியோ டச்சைப் போல இரண்டாவதாக வைக்கிறது. ஆம்ஸ்டர்டாமையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் இந்த ஒற்றுமையைப் படித்த நாள்முதல் இரண்டு மொழிகளையும் சேர்த்தே நினைக்கிறேன். ஆனால், ஒற்றுமை இலக்கணத்தோடு சரி. வாழ்க்கை வேறு வேறு.

டச்சைத் தாய்மொழியாகப் பேசுவோர் இரண்டரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. நெதர்லாந்து, பெல்ஜியத்தின் வடபகுதியான பிளாண்டர்ஸ், தென்னமெரிக்காவின் சூரினாம், கரீபியன் தீவுகள் என்று அது பரவியிருக்கிறது. கப்பலேறிப் போன மொழி அது. நம் கக்கூஸும் இலங்கைத் தமிழர் அலுவலகத்தைச் சொல்லும் கந்தோரும் அது விட்டுச்சென்ற சொற்கள். 1975இல் விடுதலை பெற்ற பிறகும் சூரினாமின் ஆட்சிமொழி டச்சுதான்.

அதற்கும் எல்லா இடத்திலும் மரியாதை தானாகக் கிடைத்துவிடவில்லை. 1830இல் பிறந்த பெல்ஜியத்தில் அதிகாரம் பிரெஞ்சு பேசியது. சட்டங்களில் டச்சுக்குச் சமநிலை கிடைத்தது 1898இல். கென்ட் பல்கலைக்கழகம் முழுக்க டச்சில் கற்பிக்கத் தொடங்கியது 1930இல். பிளாண்டர்ஸ் மக்கள் ஒரு நூற்றாண்டு விடாமல் கேட்டுப் பெற்றது அது.

காஷ்மீரியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 68 லட்சம் பேர். பேசுகிறவர்கள் அதைக் 'கோஷுர்' என்பார்கள். 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் லல்லேஸ்வரி 'வாக்' என்னும் பாடல்களைப் பாடிய மொழி. கவிஞர் ரஹ்மான் ராஹிக்கு 2004ஆம் ஆண்டின் ஞானபீட விருதைத் தேடித்தந்த மொழி. ஆனால் 1889இல் காஷ்மீரின் ஆட்சிமொழி இடத்திலிருந்து பாரசீகம் விலகியபோது அந்த இடத்தில் அமர்ந்தது உருது. வீட்டில் கோஷுர், அலுவலகத்தில் உருது, உயர்கல்வியில் ஆங்கிலம் என்று காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு பழகிவிட்டது. நகரங்களில் படித்த பெற்றோர் பலர் குழந்தையிடம் உருதுவிலேயே பேசுகிறார்கள். 1990இல் பள்ளத்தாக்கைவிட்டு வெளியேறிய பண்டிட்டுகள் எனப்படும் காஷ்மீரி இந்துக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கோ, அம்மொழி கேட்கும் தெருவே இல்லாமல் போனது. எழுத்திலும் பிளவு உண்டு. பாரசீக-அரபு எழுத்தில் ஒரு சாரார், தேவநாகரியில் இன்னொரு சாரார். பழைய சாரதா எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

2020இல்தான் ஜம்மு காஷ்மீரின் ஐந்து ஆட்சிமொழிகளில் ஒன்றாகக் காஷ்மீரியைச் சட்டம் ஏற்றது. நல்ல செய்தி. ஆனால் சட்டம் தொடக்கம் மட்டுமே என்பதற்கு பிளாண்டர்ஸே சாட்சி: சமநிலைச் சட்டத்துக்கும் முழு டச்சுப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே 32 ஆண்டுகள். காஷ்மீரி அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது. கணக்கையும் அறிவியலையும் கோஷுரில் சொல்லித்தரும் வகுப்பறை வேண்டும். கோஷுரில் எழுதிய மனுவை வாங்கிப் படித்து, கோஷுரிலேயே பதில் எழுதும் தாசில்தார் அலுவலகம் வேண்டும்.