துண்டு கிடைக்காத பிள்ளைகள்: ஊவாவில் பாடசாலை ஒழுக்கம் யாரை வெளியேற்றுகிறது?

2018 ஜனவரியில் பதுளை தமிழ் மகளிர் மகா வித்தியாலயத்தின் அதிபர் முழந்தாளிட வைக்கப்பட்டார் என்ற செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. அப்போது ஊவா மாகாண முதலமைச்சராகவும் மாகாணக் கல்வி அமைச்சராகவும் இருந்தவர் சாமர சம்பத் தசநாயக்க. ஒரு மாணவியைச் சேர்க்கும்படி அவர் பரிந்துரைத்திருந்தார். அதிபர் விதிமுறையைக் காட்டி மறுத்தார். அதற்காக அவரை அழைத்து, முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்க வைத்தார் என்பதே குற்றச்சாட்டு. எதிர்ப்பு வலுத்ததும் முதலமைச்சர் கல்வி அமைச்சிலிருந்து விலகினார். அதே மாதம் பொலிஸார் அவரைக் கைது செய்தனர், நீதிமன்றம் பிணையில் விடுவித்தது. 2020 பொதுத் தேர்தலிலும் 2024 பொதுத் தேர்தலிலும் அதே பதுளை மாவட்டம் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

அன்று எல்லா ஊடகங்களும் அதிபரின் மானத்தைப் பற்றி எழுதின. எழுதத்தான் வேண்டும். ஆனால் எனக்கு இன்றுவரை உறுத்துவது வேறொன்று. முழந்தாளிட வைப்பது வகுப்பறைத் தண்டனை. தமிழ்ப் பாடசாலையோ சிங்களப் பாடசாலையோ, இந்த நாட்டில் படித்த எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அது நடந்தபோது நாடு அதிர்ந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நடந்தால் அது செய்தியே அல்ல.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் சொன்னது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் மறுபடியும் சொன்னது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் இன்னும் உறுதியாகப் பேசியது. மாத்தறை மாவட்டத்தில் ஆசிரியர் ஒருவர் அறைந்ததில் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கு அது. அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரை தரும் உரிமை, அதாவது சித்திரவதையிலிருந்தும் இழிவான நடத்தையிலிருந்தும் விடுபட்டிருக்கும் உரிமை, மீறப்பட்டதாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியர் 150,000 ரூபாயும் அரசு 500,000 ரூபாயும் நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது. பெற்றோரும் பிள்ளையும் கொழும்புவரை வந்து அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ததால் கிடைத்த தீர்ப்பு இது. லுணுகலையிலோ மடுல்சீமையிலோ கொழுந்து பறிக்கும் ஒரு தாய் அந்தப் பயணத்தைத் தொடங்குவாரா என்று யோசித்துப் பாருங்கள். "கண்ணை மட்டும் விட்டுவிடுங்க சேர், மற்ற இடமெல்லாம் தோலை உரிங்க" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்துப் பழகிய சமூகம் நம்முடையது.

பிரம்பைப் பற்றி இவ்வளவாவது பேசுகிறோம். தோட்டப் பிள்ளையின் வாழ்க்கையை மாற்றிவிடும் தண்டனையோ எந்தச் சுற்றறிக்கையிலும் தண்டனை என்று எழுதப்படாத ஒன்று: "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்புக்குள் விடுவேன்."

நகரத்தில் இது அரை நாள் சங்கடம். தோட்டத்தில் அப்படியல்ல. அப்பா கொழும்பில் ஏதோ ஒரு கடையில் நிற்கிறார், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா மத்திய கிழக்கில். வீட்டில் இருப்பது பாட்டி. பெற்றோர் தோட்டத்திலேயே இருந்தாலும், பாடசாலைக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும், மிஞ்சினால் அரைப்பேர். 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் போராடிப் பெற்ற நாட்சம்பளம் அது. ஆகவே இன்று போகலாம், நாளை போகலாம் என்று நாள் தள்ளிப்போகிறது. பிள்ளை லயத்தில் நிற்கிறான். இரண்டு வாரம் கழிந்தால் அவனுக்கே திரும்பிப் போக வெட்கம். தலைமுடி வெட்டாததும் சப்பாத்து இல்லாததும் கைத்தொலைபேசி பிடிபட்டதும் இப்படித்தான் ஒரு படிப்பின் முடிவாகின்றன. பதிவேட்டில் 'இடைவிலகல்' என்று ஒரே ஒரு சொல் இருக்கும். விலகினானா, விலக்கப்பட்டானா என்பதை அந்தச் சொல் சொல்லாது.

தவறு பெரிதென்றால் விடுகைப் பத்திரம் வருகிறது. வேறு பாடசாலையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். பதுளையிலோ பண்டாரவளையிலோ சில தமிழ்ப் பாடசாலைகள் எட்டும் தூரத்தில் இருக்கலாம். மலை மேலிருக்கும் தோட்டத்திலிருந்து அடுத்த இடைநிலைப் பாடசாலைக்கு பஸ் கிடைப்பதே பாடு. பத்திரத்தில் நடத்தை பற்றி எழுதியிருக்கும் ஒரு வரியைப் பார்த்துவிட்டு அந்தப் பாடசாலையும் கையை விரிக்கும்.

மலையகத்துக்கு இந்தக் காகிதம் புதிதல்ல. கங்காணி காலத்தில் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகத் துண்டு வேண்டும். அவருடைய கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். துண்டு இல்லாதவரை அடுத்த தோட்டத்துத் துரை சேர்க்கமாட்டார். 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. நடத்தை 'திருப்தியில்லை' என்ற விடுகைப் பத்திரத்தோடு வாசலில் நிற்கும் பதினான்கு வயதுப் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வருகிறது.

வன்னி வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறிய குடும்பங்கள் உங்கள் அயலில்தான் இருக்கின்றன. 2009க்குப் பிறகு முகாம்களிலிருந்து திரும்பிய பிள்ளைகள் வயதுக்கும் வகுப்புக்கும் பொருந்தாமல் பின்வாங்கில் இருந்ததையும், அவர்களின் கோபத்துக்கும் மௌனத்துக்கும் 'குழப்படி' என்று பெயர் வைக்கப்பட்டதையும் பார்த்தவர்கள் நீங்கள்.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில். ஆசிரியர் பற்றாக்குறையை அடைக்கப் பின்னாளில் எடுக்கப்பட்ட ஆசிரியர் உதவியாளர்களுக்கு முதலில் கொடுத்தது மாதம் 6,000 ரூபாய், பிறகு 10,000. பெரும்பாலும் அதே தோட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள். பயிற்சி முடியும் முன்பே வகுப்பு நிறையப் பிள்ளைகளைக் கொடுத்து, பிரம்பைத் தொடாதே என்றால் அவர்கள் எதைத் தொடுவது? உளவளத்துணைக்கு என்று ஒரு ஆசிரியர் இருக்கவேண்டும். பல இடங்களில் அவரே கணிதமும் படிப்பிக்கிறார், விளையாட்டையும் பார்க்கிறார். 2025இல் உடல்ரீதியான தண்டனையை எங்கும் தடைசெய்யும் நோக்கில் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் வந்தபோது ஆசிரியர் சங்கங்கள் சில எதிர்த்தன. பிரம்பு வேண்டும் என்ற அவர்களின் வாதத்தை நான் ஏற்கவில்லை. தங்களைத் தனியாக விட்டுவிட்டார்கள் என்ற அவர்களின் முறைப்பாடு உண்மையானது.

யாரிடம் கேட்பது? ஊவா மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநர்தான். மாகாணப் பாடசாலைகளைப் பற்றி வாக்காளர் கேள்வி கேட்கக்கூடிய ஒரு கல்வி அமைச்சர்கூட இப்போது மாகாணத்தில் இல்லை.

ஆனால் ஒரு விதி இருக்கிறது. கட்டாயக் கல்விக்கான வயதெல்லை 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. வேலைக்குச் சேர்க்கக்கூடிய ஆகக்குறைந்த வயதும் 2021இல் 16 ஆனது. அப்படியானால் பதினாறு வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளையை, வேறிடம் உறுதியாகாமல் வாசலுக்கு வெளியே நிறுத்துவது ஒழுக்க நடவடிக்கையா, சட்டமீறலா? வலயக் கல்விப் பணிப்பாளர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி இது. எத்தனை விடுகைப் பத்திரங்கள் ஒழுக்கக் காரணத்தால் கொடுக்கப்பட்டன, அந்தப் பிள்ளைகள் அடுத்து எங்கே சேர்ந்தார்கள் என்ற பட்டியலைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எந்தப் பெற்றோரும் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. சுற்றறிக்கைக்கும் அதே ஆண்டு, அதே இலக்கம்.

கிராம சேவகர் பிரிவுதோறும் பாடசாலை வரவுக் குழு இருக்கவேண்டும் என்று 1997ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி ஒழுங்குவிதி சொல்கிறது. வராத பிள்ளையைத் தேடிப் போவது அதன் வேலை. தேடுவதும் கஷ்டமில்லை. லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள், பையன் புறக்கோட்டையில் எந்தக் கடையில் நிற்கிறான் என்று.