ஆள் பற்றாக்குறை என்னும் சாக்கு

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு திருட்டு வழக்கு துப்புத் துலங்காமல் கிடந்தாலும், இரவு ரோந்து வராமல் போனாலும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: “ஸ்டேஷன்ல ஆள் இல்லை.” காவலர்கள் சொல்கிறார்கள், மக்கள் நம்புகிறார்கள், கட்சிகள் புதிய காவல் நிலையம் கேட்டு மனு கொடுக்கின்றன. காலிப் பணியிடங்கள் இருப்பது உண்மை. ஆனால் ஆளெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை தவறானது. இருக்கிற ஆள் எங்கே போகிறார் என்ற கேள்வியை அது மறைத்துவிடுகிறது.

தேனி மாவட்டத்துக் காவலரின் ஆண்டு, பந்தோபஸ்து நாட்காட்டியால் ஆளப்படுவது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. அதே மாதப் பௌர்ணமியில் மலைமேல் கண்ணகி கோயில் விழா. கார்த்திகை தொடங்கி மகர விளக்கு வரை சபரிமலை வாகனங்கள். குமுளிச் சாலை நெரிந்தால் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட வேண்டும். இவற்றுக்கு நடுவே அமைச்சர் வருகை, தேர்தல், போராட்டம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைக் கிளர்ச்சியின்போது பள்ளத்தாக்கே கேரள எல்லையை நோக்கித் திரண்டது. இவற்றில் பெரும்பாலானவை முன்கூட்டியே தேதி தெரிந்தவை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் காவல் நிலையத்திலிருந்துதான் ஆள் உருவப்படுகிறார். வழக்கு நாட்குறிப்பு எழுத வேண்டியவர் கயிறு பிடித்து நிற்கிறார். சாட்சியை விசாரிக்கும் வேலை அடுத்த வாரத்துக்குப் போகிறது. இப்படி நடக்கும் நிலையத்துக்குப் பத்துப் பேரைக் கூடுதலாகக் கொடுத்தால், அடுத்த பந்தோபஸ்துக்குப் பத்துப் பேர் கூடுதலாகப் போவார்கள்.

‘ஓ.டி.’ எனப்படும் அயல்பணி இன்னொரு கசிவு. பெயர் நிலையப் பட்டியலில் இருக்கும், ஆள் வேறு பிரிவில் இருப்பார். அதைவிட மோசமானது ஆர்டர்லி முறை. தமிழக அரசு அதை 1979-லேயே ஒழித்து ஆணையிட்டது. அந்த ஆணையை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2022-இலும் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது. சீருடைக்குத் தேர்வானவரை அதிகாரி வீட்டு வேலைக்கு நிறுத்திவிட்டு ஆள் பற்றாக்குறை பற்றிப் பேசுவது அநியாயம்.

பதவி உயர்விலும் சிக்கல் உண்டு. இரண்டாம் நிலைக் காவலர் 10 ஆண்டில் முதல் நிலை, 15 ஆண்டில் தலைமைக் காவலர், 25 ஆண்டில் சிறப்பு சார்பு ஆய்வாளர் (எஸ்.எஸ்.ஐ.) ஆவது நெடுநாள் நடைமுறையாக இருந்தது. தேங்கிக் கிடந்தவர்களுக்கு அது கிடைத்தே ஆக வேண்டிய நியாயம். ஆனால் பட்டை மாறுகிற அளவுக்கு வேலை மாறுவதில்லை. ஐம்பதை நெருங்கும் எஸ்.எஸ்.ஐ. ஊரையும் ஆட்களையும் நன்கு அறிந்தவர். முறையான புலனாய்வுப் பயிற்சி கொடுத்தால் வழக்குகளைத் தாங்கக்கூடியவர். அவரையே மறுபடியும் சோதனைச்சாவடிக்கும் பாராவுக்கும் அனுப்புவது அனுபவத்தை வீணடிப்பது.

காவல் துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் தந்த கட்டளைகளில் ஒன்று, சட்டம் ஒழுங்கிலிருந்து புலனாய்வைப் பிரிப்பது. பத்து லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் தொடங்கிப் படிப்படியாகச் சிறு நகரங்களுக்குக் கொண்டுசெல்லச் சொன்னது தீர்ப்பு. 2011 கணக்கெடுப்பில் தேனி மாவட்டம் முழுவதன் மக்கள்தொகையே ஏறத்தாழ 12.45 லட்சம்தான். பெருநகரத்தோடு நின்றுபோகும் சீர்திருத்தம் கம்பத்துக்கும் போடிக்கும் வந்து சேராது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையையும் பறிமுதலையும் ஒளிப்பதிவு செய்யச் சொல்கிறது. புலனாய்வின் சுமை இனிக் கூடவே செய்யும். ஆகவே உத்தமபாளையம், போடி போன்ற ஒவ்வொரு உட்கோட்டத்திலும் பந்தோபஸ்துக்குத் தொடப்படாத புலனாய்வுக் குழு ஒன்று வேண்டும். திருவிழாக்களுக்கு ஆயுதப்படையிலிருந்து முன்கூட்டியே ஆள் ஒதுக்க வேண்டும். அயல்பணியில் இருப்போர் எத்தனை பேர் என்பதை மாவட்டக் காவல் அலுவலகம் மாதந்தோறும் வெளியிட வேண்டும். புதிய காவல் நிலையம் கேட்டு மனு எழுதுவோர் முதலில் அந்தக் கணக்கைக் கேட்கட்டும்.